மணலை யார் கொண்டுவருவது?
அன்டியாக் மணற்குன்றுகளும் வேலியின் எல்லையும்

கேள்வி

கலிஃபோர்னியாவின் சொந்தத் தாவரங்களுக்காக இயங்கும் சங்கத்தின் இதழ் ‘ஃப்ரெமான்டியா’. ஆலிஸ் ஹோவர்ட், ரிச்சர்ட் ஆர்னால்ட் இருவரும் எழுதிய கட்டுரையொன்றை அவ்விதழ் 1980இல் வெளியிட்டது. அன்டியாக் மணற்குன்றுகள் ஒருவழியாகப் பிழைத்துவிட்டனவா என்று கட்டுரையின் தலைப்பே கேட்டது. அந்த ஆண்டில்தான் அமெரிக்க அரசு, சான் வாக்கீன் ஆற்றின் தென்கரையில் எஞ்சிக் கிடந்த 55 ஏக்கர் நிலத்தைத் தேசிய வனவுயிர்க் காப்பிடமாக்கியிருந்தது. அழிவின் விளிம்பிலிருந்த செடிகளையும் பூச்சியையும் காப்பதற்கென்றே அந்நாட்டில் அமைந்த முதல் தேசியக் காப்பிடம் அது. இந்த ஆற்றோர மணலையே பிறப்பிடமாகக் கொண்ட ஒரு வெள்ளைப் பூ, ஒரு மஞ்சள் பூ, ஒரு சிறு பட்டாம்பூச்சி ஆகிய மூன்றுக்காகவும் வேலி எழுந்தது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அந்தத் தலைப்பின் கேள்விக்குறியை நீக்க முடியவில்லை. மணல் அள்ளுவது நின்றது; மிதிப்பவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்; சட்டம் துணை நின்றது. ஆனாலும் செடிகள் தாமாகப் பெருகி நிலத்தை நிறைக்கவில்லை. பட்டாம்பூச்சியின் நிலை இன்னும் மோசமானது: 1999இல் ஒரு பருவக் கணக்கெடுப்பில் 2,300க்கு மேல் காணப்பட்ட அது, 2006இல் 45 ஆகச் சுருங்கியது. காப்பிடம் அமைவதற்கு முன்பல்ல, அமைந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னர் நேர்ந்த சரிவு இது.

காக்கப்பட்ட நிலத்தில் காக்கப்பட்ட உயிர் ஏன் தளர்கிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. அயல் களைகள், தீ, காற்றில் வரும் நைட்ரஜன், நிலத்தின் சிறுமை என்று பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆனால் இவை அனைத்துக்கும் கீழே ஒரு காரணம் கிடக்கிறது என்பது என் முடிவு. இந்தப் பூக்கள் மணல் இருக்கும் இடத்தில் மட்டுமன்று, மணல் புரளும் இடத்தில் வாழும் பூக்கள். வேலி நிலத்தைக் காத்தது. புரளலைத் தர அதனால் இயலவில்லை.

மணல் வந்த வழி

சியரா நெவாடா மலைத்தொடரைப் பனியாறுகள் அரைத்துத் தள்ளிய காலத்தில் இந்த மணல் பிறந்தது. பாறைப் பொடியை ஆறுகள் கீழே கொண்டுவந்து சேர்த்தன. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்ததால், இன்று நீருக்கடியிலிருக்கும் கழிமுகப் பகுதியின் பெரும்பரப்பு அப்போது திறந்து கிடந்தது. மேற்கிலிருந்து வீசிய காற்று அந்த வண்டலைச் சலித்து, நுண்ணிய களிமண்ணைத் தூக்கிச் சென்று, பருமனான மணலை ஆற்றங்கரையில் குவித்தது. அப்படி உருவான குன்றுகள் கரையோரமாக ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீண்டிருந்தன. சில இடங்களில் உயரம் 100 அடியைத் தாண்டியது.

கடலிலிருந்து வெகுதொலைவு உள்ளே தள்ளி, நன்னீர் ஆற்றின் கரையில் இப்படியொரு மணற்பரப்பு இருந்ததே அதன் உயிரியல் தனித்தன்மைக்கு அடிப்படை. இங்கு வளரும் வெள்ளைப் பூவான ஈவினிங் பிரிம்ரோஸ் (தாவரவியலில் ஈனோதெரா டெல்டாய்டஸ், ஹோவெல்லி என்னும் துணையினம்) செடியின் நெருங்கிய உறவுகள் தெற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி மொஹாவி, சொனோரா பாலைவனங்களில் இருக்கின்றன.  வறண்ட காலமொன்றில் பாலைவன உயிர்கள் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கே பரவின, ஈரம் திரும்பியபோது நடுவிலிருந்தவை மறைந்தன, இந்த மணல்மேடு மட்டும் தீவாக நின்று சிலவற்றைத் தாங்கிக்கொண்டது என்ற விளக்கத்தை ஆய்வாளர்கள் பலர் முன்வைத்திருக்கிறார்கள். நேரடிப் புதைபடிவச் சான்றைவிட உயிரினங்களின் இன்றைய பரவலைக் கொண்டு ஊகித்த விளக்கம் இது. ஆயினும், செடிகளுக்கும் பூச்சிகளுக்கும் ஒரேபோல இது பொருந்துவது அதற்கு வலுச் சேர்க்கிறது.

பூச்சிகளைச் சொல்லாமல் இந்த இடத்தைப் பற்றிப் பேச முடியாது. பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர்கள் 1930களிலிருந்தே இங்கு வலையோடு அலைந்தார்கள். அறிவியலுக்கு முதன்முதலாக இங்கிருந்து அறிமுகமான பூச்சி வகைகள் இருபதுக்கும் மேல். அவற்றுள் சில பிறகு கண்ணில் படவேயில்லை. 1937இல் இங்கே பிடிக்கப்பட்டு அருங்காட்சியகப் பெட்டியில் கிடந்த வெட்டுக்கிளி வகையொன்றை டேவிட் ரென்ட்ஸ் 1977இல் ஆராய்ந்து பெயர் சூட்டினார். அதற்குள் அது மறைந்துவிட்டிருந்ததால், அழிந்தது என்ற பொருள்படவே ‘நெடூபா எக்ஸ்டிங்க்டா’ என்று பெயரிட்டார். பெயர் பெறும் முன்பே ஓர் உயிரினம் முடிந்துபோனது என்பதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

மணல் போன வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே இங்கு செங்கல் செய்ய மணல் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். 1906 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவைத் தகர்த்த நிலநடுக்கமும் தீயும் தேவையைப் பன்மடங்காக்கின. நகரத்தை மீண்டும் கட்டச் செங்கல் வேண்டும். செங்கல்லுக்கு மணல் வேண்டும். ஆற்றோரத்தில் மலையாகக் குவிந்திருந்த மணலைப் படகிலும் ரயிலிலும் ஏற்றுவது எளிது. அதன்பின் பல பத்தாண்டுகள் சுரண்டல் நிற்கவில்லை. குன்றுகள் மேடுகளாயின, மேடுகள் குழிகளாயின. பல இடங்களில் அடியிலிருந்த இறுகிய களிமண் வெளியே தெரிந்தது. எஞ்சிய நிலத்தில் தொழிற்சாலைகளும் மின்கோபுரங்களும் வந்தன. காப்பிடம் இன்றும் ஒரே துண்டாக இல்லை. ஸ்டாம், சார்டிஸ் என்ற இரு பகுதிகளுக்கு இடையே ஒரு ஜிப்சம் ஆலை. பக்கத்தில் மின் நிறுவனத்துக்குச் சொந்தமான 12 ஏக்கரையும் சேர்த்துப் பராமரிக்கும் ஏற்பாடு பின்னர் வந்தது.

அள்ளியதைக் காட்டிலும் குறைவாகப் பேசப்படும் இன்னோர் இழப்பு உண்டு. மணலைத் தந்துகொண்டிருந்த வழிகளும் அடைபட்டன. மேல்நிலத்தில் அணைகள் வண்டலைத் தடுத்தன. கழிமுகத்தின் பெரும்பகுதி கரைகட்டி வயல்களாக்கப்பட்டது. குன்றுகளின் பெரும்பகுதி பனியூழிக் காலத்து எச்சம் என்பதால் புதுவரவு ஏற்கெனவே மெலிந்துதான் இருந்தது. இருந்த சிறிதும் இப்போது நின்றது. ஆகவே இழந்தது மணலின் அளவு மட்டுமல்ல, காற்று ஏறி விளையாடும் உயரமும் சரிவும் கூடத்தான். தட்டையான 20 அடி மணலும், சரிந்து இறங்கும் 100 அடி மணலும் ஒரே நிலமல்ல. முன்னதில் காற்று மேலோடு போய்விடும். பின்னதில் மேட்டின் விளிம்பு இடிந்துகொண்டே இருக்கும்.

வேலி எதற்காக வந்தது

அழியும் உயிரினங்கள் சட்டம் 1973இல் வந்தது. லாங்கே மெட்டல்மார்க் பட்டாம்பூச்சி 1976இலும், ஈவினிங் பிரிம்ரோஸும் மஞ்சள் பூவான கான்ட்ரா கோஸ்டா வால்ஃபிளவரும் 1978இலும் அதன் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறுவதால் ஒரு செடிக்குக் கிடைக்கும் காப்பு, ஒரு விலங்குக்குக் கிடைப்பதைவிடக் குறைவு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பட்டியலிலுள்ள விலங்கைத் தனியார் நிலத்திலும் கொல்லக் கூடாது. செடிக்கு அத்தகைய முழுத் தடை அச்சட்டத்தில் இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர் தம் நிலத்துச் செடியை அழிப்பதை நடுவண் அரசு பெரும்பாலும் தடுக்க இயலாது. அதனால் பூவைக் காக்க நிலத்தையே வாங்குவது தவிர வேறு வழி இருக்கவில்லை. 1980இன் முடிவை இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். வாங்காமல் விட்டிருந்தால் இன்று விவாதிக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

ஆனால் வாங்கிய நிலத்தை எந்த மாதிரியில் நிர்வகிப்பது? தேசிய வனவுயிர்க் காப்பிடங்களின் வரலாறு 1903இல், தியடோர் ரூஸ்வெல்ட் ஃப்ளோரிடாவின் பெலிக்கன் தீவைப் பறவைகளுக்காக ஒதுக்கியதில் தொடங்குகிறது. தொப்பியில் செருகும் இறகுக்காகப் பறவைகளைச் சுட்டவர்களைத் தடுத்ததும் பறவைகள் மீண்டன. தீங்கு வெளியிலிருந்து வருகிறது, தீங்கு செய்பவரை நிறுத்தினால் இயற்கை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்ற எண்ணம் அந்தத் தொடக்கத்திலேயே பதிந்துவிட்டது. துப்பாக்கிக்கு எதிராக அது மிகச் சரியான எண்ணம்.

அன்டியாக்கிலும் அதே வழியில்தான் நடந்தார்கள். திறந்து கிடந்த காலத்தில் ஆட்கள் ஆற்றுக்குப் போகும் வழியில் செடிகளை மிதித்தார்கள், தீ பிடித்தது. எனவே 1980களில் பொதுமக்கள் உள்ளே வரத் தடை போடப்பட்டது. பிறகு வழிகாட்டியோடு மட்டுமே பார்க்கலாம் என்றாயிற்று. மிதிபடுவது குறைந்தது. கூடவே இன்னொன்றும் நிகழ்ந்தது. மனிதக் கால்களும் லாரிகளும் கலைத்துக்கொண்டிருந்த மேற்பரப்பு அமைதியானது. அமைதியான மணலில் முதலில் குடியேறியது புல்.

பூ கேட்பது என்ன

பிரிம்ரோஸ் செடி சில ஆண்டுகளே வாழும். மணலோடு மணலாகப் படர்ந்து, சாம்பல் தோய்ந்த இலைகளோடு, உள்ளங்கையில் பாதியை நிறைக்கும் வெள்ளைப் பூக்களை அந்திநேரத்தில் விரிக்கும். இரவில் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பருந்து அந்துப்பூச்சிகள் வரும், விடியலில் தேனீக்கள். காலை வெயில் ஏறும்போது இதழ்கள் இளஞ்சிவப்பாகி வாடும். தன் மகரந்தத்தால் தான் காய்க்காத செடி என்பதால், பக்கத்தில் இன்னொரு செடி பூத்திருக்க வேண்டும், இடையே பூச்சியும் பறந்திருக்க வேண்டும். எண்ணிக்கை குறையக் குறைய விதையும் குறையும் என்பது இதன் உடலமைப்பிலேயே இருக்கும் ஆபத்து. இந்தப் பூவின் மகரந்தத்தை நம்பி, இதே மணலில் வளை தோண்டி வாழும் ஒரு சிறு தேனீயும் உண்டு. வளை தோண்ட அதற்கும் தளர்ந்த, வெற்று மணல் தேவை.

செடி வளர்ந்துவிட்டால் ஓரளவு போட்டியைத் தாங்கும். முளைதான் தாங்காது. விதை வெளிச்சம் படும் தளர்ந்த மணலில் விழ வேண்டும்; முதல் மழைக்காலத்தில் அடுத்த வேர்கள் தண்ணீரை இழுத்துக்கொள்வதற்குள் அதன் ஆணிவேர் கீழே இறங்கிவிட வேண்டும். இறந்த புல்லின் தாள்கள் மெத்தைபோல் மூடிக் கிடக்கும் நிலத்தில் இது நடப்பதில்லை. முதுசெடிகள் சாகச் சாக இடத்தை நிரப்ப இளஞ்செடிகள் வராமல், காடு மூப்படைவதுபோல மணலும் மூப்படைகிறது.

வால்ஃபிளவரின் தேவை சற்று வேறு. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி மஞ்சள் பூக்கொத்துகளைத் தாங்கி நிமிர்ந்து நிற்கும். ஆற்றை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் வடபுறச் சரிவுகளில், ஓரளவு களி கலந்த மண்ணிலும் பிடித்துக்கொள்ளும். அங்கே புவியீர்ப்பே களையெடுக்கிறது: சரிவு அவ்வப்போது இடிந்து புதுமண் காட்டுகிறது. பிரிம்ரோஸுக்கு உள்நிலத்தில் காற்று செய்த வேலையை வால்ஃபிளவருக்குக் கரைச்சரிவு செய்கிறது. தேவை இரண்டுக்கும் ஒன்றேதான்: யாரோ, எதுவோ நிலத்தைக் கலைக்க வேண்டும்.

மணல் எடுத்த காலத்தைப் பற்றிய ஒரு சங்கடமான உண்மையை இங்கே சொல்லியாக வேண்டும். பெருங்குன்றுகள் அள்ளப்பட்ட அந்தப் பத்தாண்டுகள் முழுவதும் இந்தச் செடிகள் சாகாமல் நீடித்தன. நிலத்தை அழித்துக்கொண்டிருந்த அதே கை, வெட்டிய விளிம்புகளில் தினமும் வெற்று மணலையும் திறந்துவிட்டது. இதைக் கொண்டு சுரங்கம் நல்லது என்று வாதிட முடியாது. அது மூலதனத்தையே தின்றது. இன்னும் சில ஆண்டுகளில் கலைக்க மணலே மிஞ்சியிருக்காது. ஆனால் பூவுக்குக் கலைப்பு தேவை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்றும் இல்லை.

மாற்று விளக்கங்கள்

இந்த வாதத்துக்கு எதிராக வைக்கத்தக்க விளக்கங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அயல் களைகள். மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்த பிரோம் புல்லும், கொடியாகப் படரும் வெட்ச் என்ற பயற்றினச் செடியும், மஞ்சள் பூக்கும் முட்செடிகளும் காப்பிடத்தின் பெரும்பகுதியை மூடியிருக்கின்றன. குளிர்கால மழையில் முளைத்து, கோடை தொடங்கும் முன் காய்ந்து, தீக்கு விறகாகின்றன. களப்பணியாளர்கள் ஆண்டுதோறும் போராடுவது இவற்றோடுதான். களைகளே காரணம் என்று சொல்வது தவறில்லை. ஆனால் பிரோம் புல் கலிஃபோர்னியாவில் பரவி நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அது இங்கே ஆட்சிபுரியத் தொடங்கியது மணல் நிலைகொண்ட பிறகு. ஓடும் மணலில் ஓராண்டுப் புல்லால் தொடர்ந்து நிற்க முடியாது.

இரண்டாவது விளக்கம் இன்னும் ஆழமானது. ஸ்டூவர்ட் வைஸ் 1999இல் ‘கன்சர்வேஷன் பயாலஜி’ இதழில் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார். சான் ஹோசே நகருக்குத் தெற்கே, சத்துக் குறைந்த பாறை மண்ணில், ஒரு அரிய பட்டாம்பூச்சி வாழும் புல்வெளிகள் இருந்தன. மேய்ச்சலை நிறுத்திக் காத்த இடங்களில் பட்டாம்பூச்சி மறைந்தது; மாடு மேய்ந்த இடங்களில் பிழைத்தது. வண்டிகளின் புகையிலிருந்து காற்றுவழி வந்து படியும் நைட்ரஜன் ஏழை மண்ணுக்கு உரமாகிறது, உரத்தில் அயல் புல் செழிக்கிறது, மாடு அந்தப் புல்லைத் தின்று உரத்தை வெளியேற்றுகிறது என்று அவர் காட்டினார். அன்டியாக் மணலும் அதேபோல் ஏழை மண். சுற்றிலும் நெடுஞ்சாலையும், இயற்கை எரிவாயுவில் இயங்கும் மின் நிலையங்களும். அந்தப் புகையிலிருந்து படியும் நைட்ரஜன் இந்தப் பூக்களையும் பட்டாம்பூச்சியையும் மறைமுகமாகக் கொல்கிறது என்று சூழலியல் அமைப்பு ஒன்று வழக்குவரை கொண்டுசென்றது.

இந்த வாதத்தை நான் முழுமையாக மதிக்கிறேன். வெட்ச் போன்ற பயற்றினக் களைகள் வேரில் நைட்ரஜனைச் சேர்ப்பதால், மேலிருந்து வருவதோடு கீழிருந்தும் மண் கொழுக்கிறது. ஆனால் இதுவும் நின்றுபோன மணலில்தான் சேர்கிறது. குன்று புரண்டுகொண்டிருந்தால் சத்தேறிய மேலடுக்கு புதைந்து, சத்தில்லாத அடிமணல் மேலே வரும். சான் ஹோசேயில் மாடு செய்த வேலையை இங்கே காற்று செய்திருக்கும். நைட்ரஜன் நோயை விரைவுபடுத்துகிறது. நோய்க்கு இடம் கொடுத்தது தேக்கம்.

மூன்றாவது ஒரு மறுப்பும் இருக்கிறது. என் வாதத்துக்கு நேரெதிரானது அதுதான். பழைய குன்றுகள் எப்போதும் பாலைவனம்போல் ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஓக் மரங்களும் புதர்களும் அவற்றில் வளர்ந்திருந்தன. அப்படியானால் நிலைகொண்ட மணலிலும் பூ வாழ்ந்திருக்கிறதே? இதற்கு அளவே விடை. பெரிய குன்றுத்தொடரில் ஒருபுறம் மரம் வேரூன்ற, மறுபுறம் சரிவு இடியும். திறந்த இடங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். விதை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். 55 ஏக்கரில் அந்தச் சுழற்சிக்கு இடமில்லை. ஒரு திட்டு மூடிக்கொண்டால் அடுத்த திட்டு திறந்திருக்கும் என்ற உறுதி போய்விடுகிறது. நிலம் சிறியது என்பதன் முழுப்பொருளே இதுதான் என்று நினைக்கிறேன்.

வேலி போதுமாயிருந்த ஓர் இடம்

சிறிய காப்பிடங்கள் எல்லாமே இப்படித் தோற்கின்றன என்று முடிவுகட்டுவதற்கு முன், நாட்டின் மறுகோடியிலிருக்கும் ஒரு சான்றை அருகில் வைத்துப் பார்ப்பது பயன்தரும்.

நியூ ஹாம்ஷயரின் வெள்ளை மலைகளில், மவுண்ட் வாஷிங்டனுக்குப் பக்கத்தில், மன்ரோ திட்டு என்று ஒரு கல்வெளி இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்கும் குறைவான அந்த இடம்தான் ராபின்ஸ் சின்க்ஃபாயில் என்ற, விரலளவுகூட உயராத மஞ்சள் பூச்செடியின் முதன்மை வாழிடம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாவரவியலாளர்கள் உலர்தாவரச் சேகரிப்புக்காகப் பிடுங்கிச் சென்றார்கள். மலையேறுவோரின் பாதை நேராகச் செடிகளின் நடுவே போனது. 1980இல், அன்டியாக் காப்பிடம் அமைந்த அதே ஆண்டில், அது பட்டியலில் ஏறியது. 1983இல் பாதையைத் திருப்பிவிட்டார்கள். செடிகள் இருந்த இடத்தை மூடினார்கள். செடி மீண்டது. 2002இல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

இரண்டு இடங்களிலும் வேலிதான் மருந்து. ஓரிடத்தில் பலித்தது, மற்றோரிடத்தில் பலிக்கவில்லை. வேறுபாடு செடியின் வீரியத்தில் இல்லை. மன்ரோ திட்டில் நிலத்தைக் கலைக்கும் வேலையை யாரும் நிறுத்தவில்லை. அங்கே கொடுங்காற்று வீசுகிறது. மண்ணிலுள்ள ஈரம் உறைந்து உருகி, உறைந்து உருகி, சரளையைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. வேறு செடிகள் அங்கே நெருங்க முடியாது. அந்த உயரத்தில் குளிர் தன் வேலையைத் தவறாமல் செய்துவந்ததால், காலடியை மட்டும் விலக்கினால் போதுமாயிருந்தது. அன்டியாக்கிலோ காலடியை விலக்கினார்கள். ஆனால் நிலத்தைப் புரட்டும் காற்றுக்கும் ஆற்றுக்கும் ஏற்கெனவே விலங்கு பூட்டியாயிற்று.

ஆகவே ஒரு காப்பிடம் சிறியதா பெரியதா என்பதைவிட, அதை உருவாக்கிய இயக்கம் இன்னும் ஓடுகிறதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு உயிருக்காக இன்னொன்று

கலைப்பு வேண்டும் என்று தெரிந்ததும் உழுதுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் மூன்றாவது உயிர் குறுக்கே நிற்கிறது. லாங்கே மெட்டல்மார்க் ஆண்டுக்கு ஒரு தலைமுறை மட்டுமே காணும் பட்டாம்பூச்சி. கோடையின் கடைசியில் பறந்து, பக்வீட் வகைச் செடி ஒன்றில் மட்டும் முட்டையிடும். முட்டைகள் மழைக்காலம்வரை அந்தச் செடியிலேயே காத்திருக்கும். புழுவுக்கும் வேறு உணவு கிடையாது. பக்வீட் நீடித்து வாழும், பல ஆண்டுகள் நின்று முதிர வேண்டிய செடி. அதைத் தீயோ உழவோ தாக்கினால் அந்த ஆண்டின் முட்டைகள் மொத்தமும் போகும். களையை எரித்தால் பூவுக்கு நன்மை, பட்டாம்பூச்சிக்குச் சாவு. எரிக்காமல் விட்டால் களை சேர்ந்து, ஒருநாள் தானே பற்றி எரியும்.

பெரிய நிலத்தில் இது முரணாகவே தோன்றியிருக்காது. ஒரு மேட்டை எரிய விட்டு, அடுத்த மேட்டைக் காக்கலாம். இங்கே ஒவ்வொரு ஏக்கரும் மூன்று உயிர்களுக்கும் ஒருங்கே தேவைப்படுகிறது. அதனால் பணியாளர்கள் பெரும்பாலும் கையால் பிடுங்கினார்கள். ஆடுமாடு மேய்ச்சலையும் களைக்கொல்லியையும் எச்சரிக்கையோடு சோதித்தார்கள். 2007 முதல் பட்டாம்பூச்சியைத் தெற்குக் கலிஃபோர்னியாவின் மூர்பார்க் கல்லூரியில் அடைப்பில் வளர்த்துத் திரும்ப விடும் முயற்சியும் நடந்தது. இத்தனை உழைப்பையும் நேரில் செய்தவர்கள் மீது எனக்குள்ள மரியாதை பெரிது. ஆனால் நிலம் மாறாதவரை அது கசியும் பாத்திரத்தில் நீர் ஊற்றுவதுதான்.

மணல் திரும்புகிறது

திருப்பம் 2013இல் வந்தது. காப்பிடத்தை ஒட்டி ஓடும் ஆறு வெறும் ஆறல்ல. உள்நாட்டிலிருக்கும் ஸ்டாக்டன் துறைமுகத்துக்குக் கடற்கப்பல்கள் செல்லும் ஆழ்நீர்ப் பாதையும் அதுவே. அதன் அடியில் மணல் படிந்துகொண்டே இருக்கும். கப்பல் தட்டாமல் போக அவ்வப்போது தூர்வார வேண்டும். தூர்வாரிய மணலை எங்கே கொட்டுவது என்பது துறைமுகத்தின் சிக்கல்; மணல் எங்கே கிடைக்கும் என்பது காப்பிடத்தின் சிக்கல். துறைமுகமும், ராணுவப் பொறியியல் பிரிவும், வனவுயிர்த் துறையும் கைகோத்து, ஆற்றின் அடியிலிருந்து எடுத்த மணலைக் குழாய்வழி நீரோடு சேர்த்து ஸ்டாம் பகுதியின் களைகள்மேல் இறைத்தார்கள். நீர் வடிந்தது, மணல் நின்றது. களையும் அதன் விதைகளும் கொழுத்த மேலடுக்கும் ஒரே வீச்சில் புதைந்தன. அந்தப் புதிய மணலில் பிரிம்ரோஸ் வளர்ந்திருக்கிறது.

இதற்கு எதிராக எழுப்பத்தக்க கேள்விகள் சிறியவை அல்ல. ஆற்றடி மணல் காற்று சலித்த மணல் அல்ல; அதில் நுண்துகள் கலந்திருக்கும். புதைத்தால் களை சாகும், ஆனால் புதைந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் பக்வீட்டும் சாகும். எனவே பட்டாம்பூச்சி இல்லாத பகுதிகளில்தான் கொட்ட முடியும். புதிய மணலும் நின்றுவிட்டால் அடுத்த பத்தாண்டில் மீண்டும் புல் ஏறும். ஒருமுறை செய்து முடிக்கும் சீரமைப்பு இல்லை இது. ஆற்றின் வேலையை மனிதர் தொடர்ந்து செய்வதாக ஒப்புக்கொள்வது.

அப்படிச் செய்யப்படும் இடத்தை இயற்கைக் காப்பிடம் என்று சொல்லலாமா, இது தோட்டம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு நான் தயங்காமல் விடை சொல்வேன். தோட்டத்தில் செடியை நட்டு, நீரூற்றி, ஒவ்வொன்றாகப் பேணுகிறோம். இங்கே ஒரு செடியையும் பேண வேண்டியதில்லை. மணலைத் தந்துவிட்டால் முளைப்பதும் அந்துப்பூச்சியை அழைப்பதும் தேனீ வளை தோண்டுவதும் அவற்றின் பொறுப்பு. சியராவிலிருந்து ஆறு கொண்டுவந்த மணலேதான் குழாயிலும் வருகிறது. அணையும் கரையும் கட்டி அதை நிறுத்தியவர்கள் நாம் என்பதால், திருப்பித் தருவது தலையீடு ஆகாது, கடன் தீர்ப்பு.

சிறிய நிலத்துக்குச் செலவிடலாமா

1975இல் ஜாரெட் டயமண்ட், தீவு உயிரியலின் கணக்கைக் கொண்டு, காப்பிடங்கள் முடிந்தவரை பெரியதாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே டேனியல் சிம்பர்லாஃபும் லாரன்ஸ் ஏபலும், பல சிறிய இடங்கள் சேர்ந்து அதே அளவோ அதைவிட அதிகமோ உயிரினங்களைத் தாங்கக்கூடும் என்று மறுத்தார்கள். விவாதம் பல பத்தாண்டுகள் ஓடியது. 2019இல் பிரெண்டன் விண்டிலும் உடன் ஆய்வாளர்களும் உலகின் பல பகுதிகளிலிருந்து தொகுத்த ஆய்வு, துண்டுபட்ட சிறு வாழிடங்கள் அவற்றின் அளவுக்கு மீறிய மதிப்புடையவை என்று காட்டியது. வேறெங்கும் எஞ்சாத உயிர்கள் அங்கேதான் ஒதுங்கியிருக்கின்றன. அன்டியாக்குக்கு இதில் தேர்வே இல்லை. பெரிய அன்டியாக் என்று ஒன்று எங்கும் கிடையாது. ஆற்றின் மேலே பிரானன் தீவுப் பூங்காவில் பிரிம்ரோஸை நட்டு ஒரு துணைக்கூட்டம் உண்டாக்கினார்கள். காப்பீடாக அது நல்லது; ஆனால் மற்ற இரு உயிர்களையும் அது ஏந்தவில்லை.

அதனால் செலவைக் கேள்வி கேட்பதைவிட, செலவின் அமைப்பைக் கேள்வி கேட்பதே பொருந்தும். மூன்று உயிர்களுக்குமான மீட்புத் திட்டம் 1980இல் எழுதப்பட்டு 1984இல் திருத்தப்பட்டது. நிலத்தை வாங்குவதும் காப்பதும் அன்றைய திட்டமிடலின் முதுகெலும்பாக இருந்தன. மணல் வந்ததோ முப்பது ஆண்டுகள் கழித்து, துறைமுகத்துக்குக் கொட்ட இடம் தேவைப்பட்டதால். அடுத்த மணல் வருவது தூர்வாரும் கால அட்டவணையையும், ஒதுக்கீட்டையும், மூன்று நிறுவனங்களின் நல்லெண்ணத்தையும் பொறுத்தது. நிலத்தின் பத்திரம் யாராலும் அசைக்க முடியாத ஆவணமாக இருக்கிறது. பூ உயிர்வாழத் தேவையான மணலுக்கு அத்தகைய ஆவணம் வேண்டும்: எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்தப் பகுதியில், எவ்வளவு உயரத்துக்கு, யார் செலவில் என்று வரையறுத்து, கப்பல்பாதையைத் தூர்வார அனுமதி தரும் ஒவ்வொரு முறையும் அந்த அனுமதியின் நிபந்தனையாகவே அது எழுதப்பட வேண்டும்.